நாற்பத்தெட்டுப் படி, உயரம் ஜவஹர்

பத்ரிநாராயணன் சார் இறந்த அன்று காலை, அவரைக் கிடத்த வந்த குளிர்பெட்டி அவர் வீட்டுக்குள் நுழையவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் அவரே வரைந்து அவரே கட்டிய வீடு அது. வாசல் வரைக்கும் பெட்டி ராஜா மாதிரி வந்தது. நடை தாண்டிக் கூடத்துக்குத் திரும்புகிற இடத்தில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

அந்த நடையில் அப்போது பதினோரு ஆர்க்கிடெக்டுகள் இருந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் சாரிடம் வேலை பார்த்தவர்கள். ஒருவர் டேப்பை நீட்டினார். ஒருவர் மாலை கட்டி வந்த பேப்பரைப் பிரித்து அதில் பெட்டியின் மூலைவிட்டத்தை வரைந்தார். மூன்றாமவர், பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தினால் திரும்பிவிடும் என்றார்.

"இப்ப காலிப் பெட்டி, நிமிர்த்திடலாம். வெளிய எடுத்துட்டுப் போறப்போ?" என்று யாரோ கேட்டார்கள். டேப்பை நீட்டினவர் அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

சாரின் மனைவி விசாலாக்ஷி மாமி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "பீரோ வரணும்னு அளவெடுத்தார். கிரைண்டர் வரணும்னு அளவெடுத்தார். இந்தாத்துல தான் போறதுக்கு மட்டும் அளவெடுக்காம விட்டுட்டாரே இந்த மனுஷர்!" என்று சொல்லிவிட்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார்.

ஜவஹர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஐம்பத்து மூன்று வயது, ஆறடிக்கு ஒரு இஞ்சு குறைவு, முன்னால் ஒரு தொப்பை. இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிக் கூடத்துக் கதவைக் கீலோடு கழற்றினான். ஒன்றரை இஞ்சு கிடைத்தது. பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"அம்மாந்தான் மேட்டரு," என்றான்.

வேலை முடிந்ததே தவிர, கழற்றின கதவை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. தேக்குக் கதவு. சார் பார்த்துப் பார்த்துப் போட்டது. சுவரில் சாய்த்தால் கீறும். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டே நடையோரம் ஒரு மணி நேரம் நின்றான். துக்கத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

ஜவஹர் படித்தது ஏழாவது. எட்டாவதில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தான், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்பா கொத்தனார், இவனும் கொத்தனார். சார் அவனைக் கண்டது அடையாறில் ஒரு வீட்டு வேலையில், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால். கழிவறையில் பீங்கான் பொருத்தின அன்று, ஜவஹர் பேன்ட்டோடு அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இந்தக் கதவு சரியில்லை என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அப்போது சார் உள்ளே வந்தார்.

"சரியில்லேன்னு யார் சொன்னா?"

"என் முட்டி சொல்லுது சார். கதவ சாத்துனா இடிக்குது."

சார் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு இடிக்கவில்லை. அவர் ஐந்தடி இரண்டு இஞ்சு. எழுந்தார், ஜவஹரை உட்காரச் சொன்னார், கதவைச் சாத்தினார். 'டொக்' என்று சத்தம் வந்தது. திரும்பவும் சாத்தினார், திரும்பவும் 'டொக்'. ஏழெட்டுத் தடவை சாத்தினார். எட்டாவது தடவை ஜவஹர், "சார், நம்பிட்டீங்கன்னா விட்டுருங்க, வலிக்குது," என்றான்.

மறுநாளே அவனை ஆழ்வார்பேட்டை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் அவனுக்கு விசிட்டிங் கார்டு அடித்து வந்தது. அதில் இரண்டே வார்த்தைதான் இருந்தது. மேலே 'ஜவஹர்', கீழே 'அளவு'.

அன்றிலிருந்து சாரின் டிராயிங்குகளில் அடியும் மீட்டரும் பின்னால்தான் வந்தன. முதலில் வந்தது 'ஜ'. சமையல் மேடை உயரமா, ஜவஹர் நின்றபடி முழங்கையை மடக்கினால் எங்கே வருகிறதோ அது ஒரு ஜ. நடையின் அகலமா, ஜவஹர் இரண்டு கையிலும் குடத்தோடு போனால் சுவரில் தண்ணீர் சிந்தக்கூடாது, அது ஒரு ஜ. பால்கனிக் கம்பி அவன் தொப்புளுக்கு மேலே ஒரு சாண். மாநகராட்சிக்குக் கொடுக்க வேண்டிய காகிதத்துக்காக, ஆபீசில் உள்ள ஆர்க்கிடெக்ட் வர்ஷினி அதையெல்லாம் பிறகு மில்லிமீட்டராக மாற்றுவாள். அனுமதி கொடுக்கிற அதிகாரி ஒரு தடவை, "இந்த ஜ யாரு, முன்னாள் அமைச்சரா?" என்று கேட்டாராம்.

ஜவஹர் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு இளைத்த வருஷம் இரண்டு வீடு வரைந்தார்கள். இரண்டிலும் நடை குறுகல். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றைக்கும் ஒல்லியாகத்தான் இருக்கிறார்கள், வேறு வழியில்லை.

"ஊர்ல அறுவது வூடு இந்தாளு சைசுல கீது," என்பாள் அவன் மனைவி சரோஜாதேவி. "இந்தாளு சைசுக்கு நம்ம வூட்ல ஒரு கட்டில் கீதா கேளு. காலு வெளிய தொங்கிக்கினு கீது."

இத்தனை இருந்தும் ஜவஹருக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவனுடைய வலது முட்டி இரண்டு வருஷமாகப் போய்விட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மாடிப்படி ஏறாதீர்கள் என்றார். படி ஏறாமல் கட்டட வேலை எப்படிச் செய்வது? அவன் பேரே அளவு. முறிந்துபோன அடிக்கோலை எந்த ஆபீசில் வைத்துக்கொள்வார்கள்? ஆகவே அவன் யாரிடமும் சொல்லவில்லை. சார் முன்னால் படி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி ராணுவக்காரன் மாதிரி ஏறினான். சாருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சாருக்கும் அந்த இரண்டு வருஷத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. எந்த வேலையிடத்திலும் ஏழெட்டுப் படி ஏறியதும் நின்றுவிடுவார்.

"ஜவஹர், இந்தச் சுவரைக் கொஞ்சம் பாரேன்," என்பார்.

இருவரும் நின்று சுவரைப் பார்ப்பார்கள். ஒரு நிமிஷம், சில சமயம் இரண்டு. பாரு என்று சொன்ன பிறகு ஏதாவது சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று, ஜவஹர், "பூச்சு கொஞ்சம் தூக்கலா கீது சார்," என்பான். சார், "அப்படியா?" என்பார். அவ்வளவுதான், மறுநாள் கொத்தனார்கள் அந்தப் பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசுவார்கள். இப்படி இரண்டு வருஷத்தில் பதினேழு நல்ல சுவர்கள் உடைபட்டன. சாருக்கு வயசாகிவிட்டது, சுவர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கொத்தனார்கள் பேசிக்கொண்டார்கள்.

சார் போய்ப் பதினான்காம் நாள் ஆழ்வார்பேட்டை ஆபீசைத் திறந்தார்கள். இனிமேல் கையெழுத்துப் போட வேண்டியவள் வர்ஷினி. அவள் சாரின் மேசையிலிருந்து கடைசி டிராயிங்கை எடுத்து விரித்தாள். பாலவாக்கத்தில் பாதி எழும்பி நிற்கிற ஒரு வீட்டின் மாடிப்படி. சார் எந்த வீட்டுக்கும் படியைத்தான் கடைசியாக வரைவார்.

அந்த வீடு தங்கபுஷ்பம் அம்மாளுடையது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். அம்மாளுக்கு எழுபத்தாறு வயது. அந்த அம்மாள் சாரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: யார் கையையும் பிடிக்காமல் மொட்டை மாடிக்கு ஏறிப்போய்க் கடலைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் கூடாது. "தீவாளிக்கு மொத நாளு கடை லிஃப்டு நின்னு போச்சு. பதினாலு பொம்பளையளோட ஒண்ணேமுக்கா மணி நேரம் உள்ள கெடந்தேன். செத்தாலும் இனி அந்தப் பெட்டிக்குள்ள ஏற மாட்டேன்." சார், "படி நான் பாத்துக்கறேம்மா," என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

டிராயிங்கில் சாரின் கையெழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: 'படி 48. உயரம் ஜ. எட்டுக்கு ஒரு சு.'

"சு-ன்னா என்ன ஜவஹர்?" என்று கேட்டாள் வர்ஷினி.

"தெர்லயே மேடம்."

"ஜ தெரியும். உங்களை அளந்துட்டாப் போச்சு."

அதற்குள் தங்கபுஷ்பம் அம்மாளின் மகன் மகேஷ் போன் செய்தான். வெள்ளிக்கிழமை படிக்குக் கான்கிரீட் போட வண்டி சொல்லியாகிவிட்டது, அதற்குள் அளவு வரவில்லை என்றால் படியைச் சின்னதாக ஓரத்தில் தள்ளிவிட்டு நடுவில் கண்ணாடி லிஃப்ட் போடப் போவதாகச் சொன்னான். வேறு ஒரு ஆபீசில் வரைந்தே வைத்துவிட்டானாம்.

ஆக, இருந்தது எட்டு நாள். சாரின் கடைசிப் படி எழும்புமா எழும்பாதா என்பது ஜவஹரின் காலில் இருந்தது.

அளவெடுக்கிற வேலைக்குக் கட்டட பலம் பார்க்கிற எஞ்சினியர் ராகவேந்திரன் வந்தார். அவர் எதையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபிறகுதான் நம்புவார்; அவர் கல்யாணத்தையே அப்படித்தான் ஒத்துக்கொண்டார் என்று ஆபீசில் சொல்வார்கள். பழைய டைல்ஸ் சாம்பிள்களைத் தரையில் அடுக்கி, "ஏறுங்க," என்றார். ஜவஹர் ஏறினான். இன்னும் இரண்டு டைல்ஸ் வைத்தார். ஏறினான். இன்னும் இரண்டு. சாருக்காக அளவு கொடுக்கிறோம், கூன் போட்டுக்கொண்டா கொடுப்பது என்று, தொப்பையை உள்ளிழுத்து, நெஞ்சைத் தூக்கி, காலை 'ணங்' என்று வைத்து ஏறினான். முட்டிக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். முகத்தில் காட்டவில்லை.

"கஷ்டமா இருக்கா?"

"இன்னா சார் கஷ்டம்? இன்னும் வை."

ஏழு இஞ்சில் நிறுத்தினார்கள். காலையில் ஏழு, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறே முக்கால், சாயந்திரம் காபி குடித்ததும் திரும்ப ஏழு. சராசரி போட்டு, ஏறக்குறைய ஏழு என்று எழுதிக்கொண்டார் ராகவேந்திரன். கால்குலேட்டரைத் தட்டினார். முகம் மாறியது.

"தரையிலேர்ந்து மொட்டை மாடி இருபத்தோரு அடி. ஏழு இஞ்சுல நாப்பத்தெட்டுப் படி போட்டா இருபத்தெட்டு அடி."

"அப்படின்னா?" என்றாள் வர்ஷினி.

"படி மொட்டை மாடியைத் தாண்டி ஏழடி மேல போய் ஆகாசத்துல முடியும். அந்த அம்மா அங்கேர்ந்து எங்க போவாங்க?"

மூன்று பேரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்கள்.

"நாப்பத்தெட்டு சரின்னா படி அஞ்சேகால் இஞ்சுதான் வரணும்," என்றார் ராகவேந்திரன். "அஞ்சேகால்ல யார் படி கட்டறாங்க? ஜவஹர் என்ன கைக்குழந்தையா? முப்பத்தாறு படிதான் கணக்கு. சார் தப்பா எழுதிட்டார். பாவம், கடைசி காலத்துல நிதானம் இல்ல." சிவப்புப் பேனாவால் நாற்பத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதினார். எட்டுக்கு ஒரு சு என்பதையும் அடித்துவிட்டு, வழக்கம்போலப் பாதியில் ஒரு திருப்பம் போதும் என்றார்.

ஜவஹர் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். சார் படியை எண்ணுவதில் தப்பே பண்ணமாட்டார். கோயிலுக்குப் போனால்கூடச் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் படியை எண்ணுகிறவர். "சார் கணக்கு தப்பாது," என்றான்.

"அப்ப உங்க கால் தப்பா?"

ஜவஹர் டைல்ஸைப் பொறுக்கி ஓரமாக அடுக்கத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வடை, காபி, சாரின் பெரிய படம். படத்தை மாட்டின இடம் கொஞ்சம் சாய்வாக இருந்தது. அரங்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிடெக்டுகள்; ஒவ்வொருவரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்களே தவிர யாரும் எழுந்துபோய் நேராக்கவில்லை. ஜவஹர்தான் நடுப் பேச்சில் மேடையேறிச் சரி செய்துவிட்டு இறங்கினான். கைதட்டினார்கள். பேசிக்கொண்டிருந்தவர் தனக்கென்று நினைத்துக் கும்பிட்டார்.

பிறகு ஒரு பேராசிரியர் பேசினார். யாரோ அந்தக் கடைசி டிராயிங்கைப் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டார்கள். அதைத் திரையில் போட்டார்.

"நண்பர்களே, இந்த 'ஜ' என்ன? நான் மூன்று நாள் தூங்கவில்லை. பத்ரி தன் வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்திருந்த விகிதம் இது. ஜனனம், ஜகம், ஜோதி! 'சு' என்றால் சுவாசம். எட்டு அடிக்கு ஒரு சுவாசம்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் படி மாடியில் முடியவில்லை. ஆகாயத்தில் முடிகிறது. தான் போகப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!"

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையிலிருந்து ஜவஹர் எழுந்தான். வாயில் வடை. "சார், அந்த ஜ-னா நான்தான் சார்."

"உட்காருங்க, உட்காருங்க. நாமெல்லாருமே ஜதான்," என்றார் பேராசிரியர் உருக்கமாக.

"அய்ய, அப்படி இல்ல சார். நெஜமாவே நான்தான். கார்டு கீது." விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினான். அதை முன்வரிசைக்குக் கை மாற்றி அனுப்பினார்கள். பேராசிரியர் படித்தார், திருப்பிப் பார்த்தார், ஜவஹரின் தொப்பையைப் பார்த்தார். "வெண்கலச் சிற்பங்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்," என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு இறங்கினார்.

முன்வரிசையில் விசாலாக்ஷி மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கூட்டம் முடிந்ததும் ஜவஹரைக் கூப்பிட்டு, "ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, சிரிக்கலைடா. அவர் இருந்திருந்தா உருண்டிருப்பார்," என்றார்.

"மாமி, சாருக்கு கடைசில கணக்கு தப்பிப் போச்சுன்றாங்க."

மாமியின் சிரிப்பு நின்றது. "போறதுக்கு முந்தின நாள் ராத்திரி மாத்திரைப் பொட்டியத் திறந்து, பார்மசிக்காரன் ரெண்டு குறைச்சுட்டான்னு சண்டை போட்டவர் அவர். யார் சொன்னா தப்பிப் போச்சுன்னு?"

அந்தத் தப்பு சாருடையது என்றாலும் ஜவஹருக்குப் பொறுக்கவில்லை, சாருடையது இல்லை என்றால் யாருடையது என்று யோசிக்கவும் மனசு வரவில்லை.

புதன்கிழமை பாலவாக்கத்தில் ஒத்திகை. இது சாரின் வழக்கம். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் முதல் எட்டுப் படியைச் செங்கல்லும் பலகையும் வைத்துச் சாந்தில்லாமல் அடுக்குவார்கள். அந்த வீட்டில் வாழப் போகிறவர் ஏறிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மேற்கொண்டு வேலை. பக்கத்துச் சுவரைப் போன வாரம்தான் பூசியிருந்தார்கள். கொத்தனார் கோவிந்தன் ஏழு இஞ்சுக்கு எட்டுப் படி அடுக்கினான். தங்கபுஷ்பம் அம்மாள் காரிலிருந்து இறங்கி வந்தார். பின்னால் மகேஷ், கையில் லிஃப்ட் படம்.

அந்த அம்மாள் ஒரு படி ஏறினார். இரண்டாவது ஏறினார். மூன்றாவதில் சுவரைப் பிடித்தார். நான்காவதில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடே இது, படியா மதிலா? ஐயர் எனக்குச் சொன்னது இதுவா?"

"அதான் சொன்னேம்மா," என்றான் மகேஷ். "லிஃப்டுல பத்து செகண்டு."

"ஏலே, அந்தப் பேச்சப் பேசாத! ஒண்ணேமுக்கா மணி நேரத்துக்கு எத்தன செகண்டுன்னு போட்டுச் சொல்லு, பாப்போம்."

ராகவேந்திரன் அனிச்சையாகக் கால்குலேட்டரை எடுத்து, "ஆறாயிரத்து முந்நூறு," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

வர்ஷினி முகம் செத்துப் போயிருந்தாள். மகேஷ் அவளிடம் படத்தைக் கொடுத்தான். "மேடம், பெரியவர் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா கடைசில அவரால முடியல. வெள்ளிக்கிழமை இத போட்டுருவோம்." வர்ஷினி, ராகவேந்திரன், மகேஷ் மூன்று பேரும் லிஃப்ட் வரப்போகிற இடத்தைப் பார்க்கப் பின்பக்கம் போனார்கள். தங்கபுஷ்பம் அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கோவிந்தன் டீ வாங்கப் போனான்.

ஜவஹர் அந்த எட்டுப் படியைப் பார்த்தபடி நின்றான். எட்டாவது படிப் பலகையில் கோவிந்தன் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துவிட்டுப் போயிருந்தான். விலை உயர்ந்த சாமான், சாருடையது. அதை எடுக்க ஏறினான். அந்த அம்மாள் கண்ணை மூடியிருந்தார் என்று நினைத்தான். யாரும் பார்க்காததால் நிமிரவில்லை. கையைச் சுவரில் ஊன்றி, இடது காலை வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் இழுத்து, "அம்மாடி," என்று முனகி, அடுத்ததுக்குப் போனான்.

"தம்பி."

திரும்பினான். அம்மாள் கண்ணைத் திறந்திருந்தார்.

"உமக்கும் முட்டியா?"

ஜவஹர் படியில் அப்படியே நின்றான்.

"எத்தன வருசமா?"

"ரெண்டு வருசம் கீதும்மா. யாராண்டையும் சொல்லாதீங்க. வேலை போயிரும்."

"நல்லா இருக்கு போ! இந்த லச்சணத்துல உம்ம காலத்தான் அளந்தாவளாக்கும்! அன்னைக்கு நீரும் ஐயரும் வந்தப்ப எங்க வீட்டு மாடிப்படியில ஏறுனியளே, நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். நீரு என்னமோ பட்டாளத்தான் கணக்கா வெறச்சிக்கிட்டுப் போறீரு. ஐயரு எட்டு படி ஏறி நின்னாரு, சொவரப் பாரு சொவரப் பாருன்னாரு. சொவத்த எங்க பாத்தாரு அவரு? உம்ம காலத்தான பாத்துக்கிட்டு நின்னாரு!"

ஜவஹர் மெல்லப் படியில் உட்கார்ந்தான். எட்டுக்கு ஒரு சுவர். பதினேழு சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வந்தன. அடையாறில் ஒன்று, பெருங்குடியில் மூன்று, ஆழ்வார்பேட்டையில் அந்த ஜட்ஜ் வீட்டில் உடைத்த அருமையான சுண்ணாம்புப் பூச்சு. ஒரு நிமிஷம் நிற்பார். அவனுடைய மூச்சு இறங்கினதும் போலாமா என்பார். ஒரு தடவைகூட முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவன் இல்லை என்று சாதித்திருப்பான்.

அவன் எழுந்தான். வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக் கத்தினான். "மேடம்! டேப்ப எடுத்துக்கினு வாங்க! என்ன இன்னொரு வாட்டி அளங்க!"

மூன்று பேரும் ஓடி வந்தார்கள். "போன வாரம்தானே அளந்தோம்?" என்றாள் வர்ஷினி.

"அப்ப நான் பொய் சொன்னேன்."

"அளக்கிறதுல எப்படி ஜவஹர் பொய் சொல்ல முடியும்?"

"நெஞ்ச நிமித்திக்கினு சொன்னேன் மேடம்." வலது பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக் காட்டினான். முட்டி ஒரு சின்னப் பலாப்பழம் மாதிரி இருந்தது. "ரெண்டு வருசமா இப்படித்தான் கீது. சாருக்குத் தெரியாதுன்னு நெனச்சினு இருந்தேன். அவரு வரைஞ்ச ஜ இந்த ஜ. நீங்க அளந்தது நான் கல்யாணத்தப்போ இருந்த ஜ."

கோவிந்தன் டீயோடு வந்து, சூழ்நிலை புரியாமல் எல்லோருக்கும் டம்ளரை நீட்டினான்.

பலகைகளை அடுக்கி அளந்தார்கள். ஜவஹர் இந்தத் தடவை தொப்பையை விட்டுவிட்டான், முதுகையும் விட்டுவிட்டான். நான்கு இஞ்சில் கால் சும்மா ஏறியது. ஐந்தில் ஏறியது. ஐந்தரையில் கை தானாகச் சுவரைத் தேடியது. ஒரு மெல்லிய பலகையை உருவினார்கள். கை கீழே இறங்கியது. வர்ஷினி டேப்பைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"அஞ்சேகால்."

ராகவேந்திரன் கால்குலேட்டரைத் தட்டினார். நாற்பத்தெட்டை ஐந்தே காலால் பெருக்கினார். இருநூற்று ஐம்பத்திரண்டு இஞ்சு. இருபத்தோரு அடி, ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. டிராயிங்கை வாங்கித் தான் அடித்த சிவப்புக் கோட்டுக்கு மேலே நாற்பத்தெட்டு என்று திரும்ப எழுதினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சார்," என்றார். யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

ஜவஹர் சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டுகளை எடுத்து வர்ஷினியிடம் கொடுத்தான். "இந்தாங்க மேடம். முட்டி போன ஆளு, இனிமே எதுக்கு அளவு?"

வர்ஷினி அதை வாங்கவில்லை. "அடுத்த புதன்கிழமை ஆழ்வார்பேட்டையில ஒரு வீடு. மாமனார், மாமியார், ரெண்டு பேருக்கும் எழுபத்தஞ்சு. காலையில பத்து மணிக்கு வந்துடுங்க. முட்டியை மறந்து வீட்டுல வச்சுட்டு வந்துடாதீங்க."

கோவிந்தன் எட்டுப் படியையும் கலைத்து ஐந்தே காலுக்கு அடுக்கினான். எட்டாவதுக்கு மேலே இரண்டு பேர் நிற்கிற அளவுக்குப் பலகை போட்டான். தங்கபுஷ்பம் அம்மாள் எழுந்து முந்தானையைச் சொருகிக்கொண்டார். மகேஷ் கையைப் பிடிக்க வந்தான். "தள்ளி நில்லுலே," என்றார். ஜவஹர் பக்கத்தில் ஏறினான், ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து. அம்மாளும் அப்படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே ராகவேந்திரன் விரல் விட்டு எண்ணினார். ஏழு. எட்டு.

இருவரும் மேலே நின்றார்கள். அம்மாளுக்கு லேசாக இரைத்தது. ஜவஹருக்கும்.

"அந்தச் செவுத்த கொஞ்சம் பாருங்கம்மா," என்றான் ஜவஹர்.

"சொவத்துல என்னடே இருக்கு?"

"ஒண்ணியும் இல்ல."

"பெறவு?"

"பாத்துக்கினே இருங்க. மூச்சு எறங்கட்டும்."

பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் சுவர் சுவராக இருந்தது. மொட்டை மாடிக்கு இன்னும் நாற்பது படி. அந்தப் பக்கம் எங்கோ கடல் இரைந்தது. பழக்க தோஷம், ஜவஹரின் வாய் தானாகத் திறந்தது. "பூச்சு கொஞ்சம் தூக்கலா கீதும்மா."

கீழே கோவிந்தன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். முகம் சுண்டிப்போய், ஒரு பெருமூச்சு விட்டு, சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் நடந்தான்.

"டேய், டேய், அத்த தொடாதடா!" என்று மேலேயிருந்து கத்தினான் ஜவஹர். "சும்மா பாத்துக்கினு கீறோம்!"